சக்கரத்துக்கு வைத்த கட்டை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து, ஆறு பேரையும் தலைநிமிர்ந்து நிற்க வைத்திருக்கிறேன். கடைசி மகன்தான் சங்கரன்கோவிலில் என்னை ரயிலேற்றி, பழைய நீராவி இன்ஜின்கள் நிற்கும் மியூசியத்துக்குக் கூட்டிப்போனான்.

அங்கே ஒரு காவல்காரர். நரைத்த மீசை, தொளதொளத்த காக்கிச் சட்டை. ஒவ்வொரு இன்ஜினாகப் போய், சக்கரத்தடியில் வைத்திருந்த மரக்கட்டையைக் காலால் தட்டி இறுக்கிக்கொண்டே வந்தார். மாட்டை அவிழ்த்ததும் வண்டிச் சக்கரத்துக்கு நாங்கள் கல் வைப்போமே, அதுபோல.

போட்டோவுக்கு இடைஞ்சல் என்று என் மகன் ஒரு கட்டையை உருவினான். அவர் ஓடி வந்தார்.

“எய்யா, கட்டைய இருந்த எடத்துல வையும்!”

“நெருப்பே இல்லாத இன்ஜின், அண்ணாச்சி. ஓடிரவா போவுது?” என்று மகன் சிரித்தான்.

“முந்தி ரயில்வே ஷெட்டுல என் தம்பி இன்ஜினுக்கு அடியில படுத்து வேல பாத்தான். அன்னைக்கும் ஒருத்தன் கட்டைய உருவிட்டு, ஓடிரவா போவுதுன்னான். உருண்டுட்டுய்யா.”

மகனின் சிரிப்பு நின்றது. கட்டையை வைத்தான். அவர் அதோடு விடவில்லை. முட்டியைப் பிடித்துக் குனிந்து, இன்ஜினுக்கு அடியில் நன்றாகப் பார்த்த பிறகே நகர்ந்தார். இத்தனை வருடம் கழித்து அங்கே யாரைத் தேடினார்? எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எழுத்துக்கூட்டி இவ்வளவுதான் எழுதினேன். பேத்தியைக் கூப்பிட்டு தாளை நீட்டுகிறேன்.

“ஏட்டி, அவரு குனிஞ்ச எடத்த மட்டும் நிதானமா வாசி, கேப்போம்.”