தவறி விழுந்த 'ஹ'

மூன்று வருடங்களுக்கு முன்பு, தசராக் கூட்டம் கலைந்து மைசூர் மறுபடி தன் போக்கில் நடக்க ஆரம்பித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. ஊருக்குள் இருக்கும் ஒரு நாடக அரங்கில், வசனம் உள்ள வேடத்தில் நான் முதல்முறையாக நின்றேன். அதுவும் கன்னட நாடகத்தில், கதாநாயகனுக்கு அம்மாவாக! மகனாக நடித்தவர் என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். நாடகத்தில் இதெல்லாம் சகஜம் என்று யாரும் சிரிக்கவில்லை, என் தோழிகளைத் தவிர.

நான் கொள்ளேகாலுக்கு அந்தப் பக்கம் ஹனூரில் விவசாயம் பார்க்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். மைசூரில் பைக் விற்கும் ஒரு ஷோரூமில் வரவேற்பாளர் வேலை. வேலை முடிந்ததும் நாடக ஒத்திகைக்கு ஓடுவேன். அதுவரை நான் ஏற்ற வேடங்களைக் கேட்டால் சிரிப்பீர்கள். கும்பலில் ஒருத்தி, கதவு திறக்கும் வேலைக்காரி, ஒரு குழந்தைகள் நாடகத்தில் மரம். ஒருமுறை என் நாடகத்தைப் பார்க்க அம்மா ஆசையாக ஊரிலிருந்து வந்தார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு மேடையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போனேன், அவ்வளவுதான். "ஏங்கண்ணு, இந்தக் கொடத்தத் தூக்கறதப் பாக்கவா நான் பஸ் ஏறி வந்தேன்? நம்மூட்டுலயே தூக்கலாமல்லொ" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

வசனம் கிடைக்காததற்குக் காரணம் ஒரே ஓர் எழுத்து. எங்கள் பக்கத்தில் தமிழர், கன்னடர் என்ற வித்தியாசமில்லாமல் யார் வாயிலும் 'ஹ' நிற்காது. பாலைக் கன்னடத்தில் 'ஹாலு' என்று சொல்ல வேண்டும், நாங்கள் 'ஆலு' என்போம். குழுவில் சேர்ந்த அன்றே இயக்குநர், "எந்த ஊரம்மா?" என்று கேட்டார். "அனூர் சார்" என்றேன். "அப்படி ஓர் ஊர் இருக்கிறதா?" என்று யோசித்தார். பிறகு புரிந்துகொண்டு, "சொந்த ஊர்ப் பேரையே சரியாகச் சொல்லத் தெரியாதவளுக்கு நான் எப்படி வசனம் கொடுப்பேன்?" என்று சிரித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, ஆனால் மனிதர் சொன்னதில் பொய் இல்லையே.

இந்த நாடகத்தில் முதலில் அம்மா வேடத்துக்கு இருந்தவருக்குத் திடீரென்று பெங்களூரில் டிவி சீரியல் வாய்ப்பு வந்தது. அவர் கிளம்பிவிட்டார். நான் ஒத்திகைக்கு ஒருநாள்கூட வராமல் இருந்ததில்லை என்பதால் எல்லோர் வசனமும் எனக்கு மனப்பாடம். வேறு வழியில்லாமல் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். "நடிப்பு வரும் உனக்கு, எனக்குத் தெரியும். ஆனால் ஒரு 'ஹ' விழுந்தாலும் நாடகமே விழுந்துவிடும்" என்று எச்சரித்தார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. அந்த நாடகத்தில், கோயில் மணியைத் திருடிவிட்டதாக ஓர் ஏழை விவசாயியின் மகன் மீது பழி விழும். ஊர்ப் பஞ்சாயத்தில் அவனை மண்டியிட வைப்பார்கள். தான் எங்கே போயிருந்தான் என்பதை அவன் சொல்ல மாட்டான். கடைசியில் அம்மா அவன் முன்னால் நின்று, "ஹேளு மகா" என்று மூன்று முறை கெஞ்ச வேண்டும். 'சொல்லுடா மகனே' என்று அர்த்தம். அப்போதும் அவன் குனிந்த தலை நிமிராமல் இருப்பான், விளக்கு அணையும், நாடகம் முடியும். இதில் 'ஹ' விழுந்தால் 'ஏளு' ஆகிவிடும். 'ஏளு' என்றால் 'எழுந்திரு'!

அன்றிலிருந்து என் பாடு பெரும்பாடு. உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்துக்கொண்டு, மூச்சுக்காற்று படுகிறதா என்று பார்த்துப் பார்த்துச் சொல்வேன். ஷோரூமில் போன் வந்தால் போதும், "ஹலோ" என்று அடிவயிற்றிலிருந்து ஊதுவேன். அழைத்தவர் ஒருவர் பயந்துபோய், உடம்பு சரியில்லையா மேடம் என்று விசாரித்தார். கடைசியில் தேவையில்லாத இடத்திலெல்லாம் 'ஹ' வந்து உட்கார்ந்துகொண்டது. அரிசியில் செய்யும் அக்கி ரொட்டி என்றால் எனக்கு உயிர். ஓட்டலில் போய்க் கம்பீரமாக 'ஹக்கி ரொட்டி' கேட்டேன். ஹக்கி என்றால் பறவை. பரிமாறுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பறவையெல்லாம் இங்கே சமைப்பதில்லையம்மா, இது சைவ ஓட்டல்" என்றார்.

இவ்வளவு பாடுபட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வருடம் முழுக்க ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் ஒரு குழுவுக்கு மாதச் சம்பளத்தில் நடிகர்கள் தேவைப்பட்டார்கள். அதன் பொறுப்பாளரான ஒரு பெண்மணி அன்றைக்கு எங்கள் நாடகத்தைப் பார்க்க வருவதாக இருந்தது. ஷோரூமிலோ என்னைச் சாம்ராஜநகர் கிளைக்கு மேற்பார்வையாளராகப் போகச் சொல்லியிருந்தார்கள். திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். போனால் சம்பளம் கூடும், ஒத்திகை, மேடை எல்லாவற்றுக்கும் முழுக்கு. அம்மாவுக்குச் சாம்ராஜநகர்தான் சம்மதம். "இந்தத் தடவ உன்ன எடுக்கலீன்னா மூட்டையக் கட்டீரோணும், ஆமா" என்று சொல்லிவிட்டு, என் நாடகத்தைப் பார்க்க மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

நாடகம் பிரமாதமாகப் போனது. ஒரு 'ஹ' கூட விழவில்லை. ஓரத்தில் நின்ற இயக்குநரின் முகத்தில் சிரிப்பைக்கூடப் பார்த்தேன்.

கடைசிக் காட்சி வந்தது. பஞ்சாயத்தார் உட்கார்ந்திருக்கிறார்கள். மகனாக நடித்தவர் மண்டியிட்டிருக்கிறார். நான் அவர் முன்னால் போய் நின்றேன். அன்றைக்கு அந்த மனிதர் எப்படித்தான் நடித்தாரோ, குனிந்திருந்த அந்தப் பிடரி எனக்கு நிஜமாகவே என் பிள்ளையுடையதாகத் தெரிந்தது. பெற்ற பிள்ளை ஊருக்கு முன்னால் இப்படிக் கிடந்தால் எப்படி இருக்கும்! உள்ளங்கை, மூச்சுக்காற்று எல்லாம் மறந்துபோனது. வாய் தன் ஊருக்குப் போய்விட்டது.

"ஏளு மகா!" என்று கத்தினேன்.

கத்திய பிறகுதான் காதில் விழுந்தது. இயக்குநர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். போச்சு, சாம்ராஜநகர்தான் என்று நினைத்தேன்.

அப்போது மகனாக நடித்தவர் மெதுவாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். சீரியல்களில் வருடக்கணக்காக ஒற்றை வசனப் போலீஸ்காரராக வந்து போகிறவர் அவர். நல்ல நடிகர் என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் யாரும் பெரிய வேடம் கொடுக்க மாட்டார்கள். அவர் கண்ணில் ஒரு பளபளப்பு. ஒரு முழங்காலைத் தூக்கிப் பாதத்தைத் தரையில் ஊன்றினார்.

இப்போது நான் திருத்திக்கொண்டு 'ஹேளு' என்றால் அந்த மனிதர் பாதி எழுந்தபடி அந்தரத்தில் நிற்பார். வருவது வரட்டும் என்று துணிந்தேன். தெரிந்தே, அனூர்க்காரியாகவே, அடித்தொண்டையில் சொன்னேன்.

"ஏளு!"

மற்றொரு காலையும் ஊன்றினார். அவ்வளவு நேரம் கூனிக் குறுகிக் கிடந்த மனிதர் நிமிர நிமிர மேடையே அவருக்குச் சிறியதாகிவிட்டது போல இருந்தது. மூன்றாவது முறை நான் சத்தமாகச் சொல்லவில்லை. அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஏளு மகா" என்றேன். அவர் முழுதாக எழுந்து நின்று பஞ்சாயத்தாரை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஊர்த்தலைவராக நடித்தவர் என்ன செய்வதென்று தெரியாமல் தானும் எழுந்துவிட்டார். குற்றவாளிக்கு ஊர்த்தலைவர் எழுந்து நிற்கிறார்! இதை எந்த இயக்குநர் யோசித்திருப்பார்? விளக்கு அணைந்தது.

இருட்டில் நான் அழுதுகொண்டிருந்தேன். அப்புறம் கைதட்டல் வந்தது. வந்தது என்று சொன்னால் போதாது, கூரை பிய்ந்துகொண்டு போகிற மாதிரி அதிர்ந்தது. விளக்கு வந்ததும் பார்த்தால் ஆட்கள் எழுந்து நின்று தட்டுகிறார்கள்.

உள்ளே போனதும் இயக்குநர் என்னை முறைத்தார். "நாளெயிந்த ஏளே இர்லி" என்றார். நாளையிலிருந்து 'ஏளு'வே இருக்கட்டும் என்று அர்த்தம். சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார், கண்ணைத் துடைப்பது தெரியக்கூடாதாம்.

அந்தப் பெண்மணி மேக்கப் அறைக்கே வந்துவிட்டார். மகனாக நடித்தவரையும் என்னையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இரண்டு பேரும் என் குழுவுக்கு வேண்டும் என்றார். எனக்குச் சந்தோஷத்தில் காது அடைத்துவிட்டது. "எந்த ஊரம்மா உனக்கு?" என்று கேட்டார்.

"அனூர் மேடம்" என்றேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

வெளியே அம்மா காத்திருந்தார். ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். சாம்ராஜநகர் பற்றி அவர் மூச்சே விடவில்லை. முகமெல்லாம் பூரிப்பு. "அதென்ன கண்ணு அப்பிடிக் கத்தற? நீ ஏளுன்னதும் நானும் வெசையா எந்திரிச்சுட்டனாக்கும். பின்னால இருக்கறவீக உக்காரும்மா உக்காரும்மாங்கறாங்க. எப்பிடி உக்கார்றது? நீயல்லொ எந்திரிங்கற!" என்றார். நான் அம்மாவைக் கட்டிக்கொண்டு சிரித்த சிரிப்பில் போட்டிருந்த மேக்கப்பெல்லாம் அவர் தோளில்தான்.

திங்கட்கிழமை ஷோரூமுக்குப் போய் வேலையை விட்டேன். இன்றைக்கு நடிப்புதான் என் தொழில். அந்த நாடகத்தையும் ஊர் ஊராகப் போட்டுக்கொண்டிருக்கிறோம். மகனாக நடிப்பவர் இப்போது சீரியலில் போலீஸ் வேடத்துக்குக் கூப்பிட்டால் நேரமில்லை என்கிறார். என் வாயில் 'ஹ' நன்றாகவே நிற்கிறது, ஆனாலும் கடைசிக் காட்சியில் அதை நானே கழற்றி வைத்துவிடுகிறேன். எதை மறைத்தால்தான் மேடையில் நிற்க முடியும் என்று பயந்தேனோ அந்த ஊர் வாய்தான் என்னை நிற்க வைத்தது என்பதால், ஒவ்வொரு முறை "ஏளு" என்று கத்தும்போதும் அதில் ஒரு பங்கை எனக்கும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறேன்.