சொல்லாமல் விட்ட இரண்டாவது கியர்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு சித்திரை மாதத்தில் ஏற்காட்டில் நடந்தது இது. அப்போது எனக்கு எழுபத்திரண்டு வயது. மலையில் ஒரு பள்ளியில் முப்பது வருடங்களுக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உராய்வு, எடை, வேகம் என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கியவன். அதனால் நான் செய்த காரியத்துக்குத் தெரியாமல் செய்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வழியில்லை.

கொட்டச்சேடு பாதையில், எங்கள் வீட்டுக்குச் சற்று மேலே ஒரு அம்மா குடியிருந்தார். நாற்பது வயது இருக்கும். கணவர் இல்லை, கல்லூரியில் படிக்கும் ஒரு மகள். பள்ளி விடுதி ஒன்றில் சமையல் வேலை. காலை ஆறரைக்கு அடுப்படியில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது. எஸ்டேட் குறுக்குப் பாதையில்தான் நடந்து போவார். அந்த வருடம் காட்டெருமைகள் பாதையிலேயே நிற்க ஆரம்பித்தன. அவை விலகும்வரை காத்திருந்து போனதில் இரண்டு முறை தாமதம். இன்னொரு முறை இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று விடுதியில் சொல்லிவிட்டார்கள்.

ஆகவே எங்கள் வாசல் வழியாகச் சுற்றிப் போகும் பாதையில் வண்டி ஓட்டுவது என்று முடிவு செய்தார். ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் அந்தக் கல் பாதையில் ஏறாது. தம்பியின் பைக்கில் மைதானத்தில் பழகி, எல்.எல்.ஆரும் எடுத்துவிட்டார். எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்கத்தான் என்னிடம் வந்தார். பைக் என்றால் வாத்தியாரைக் கேளு என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது.

ஒண்டிக்கடை சந்திப்பில் ஒரு மெக்கானிக் அவருக்காக ஒரு நூறு சிசி வண்டி பார்த்து வைத்திருந்தார். நானும் போய்ப் பார்த்தேன். பழைய வண்டி, டேங்கில் பெயிண்ட் உரிந்திருந்தது. ஆனால் அந்த அம்மா உட்கார்ந்தபோது இரண்டு பாதங்களும் முழுசாகத் தரையில் பதிந்தன. பிரேக் போட்ட இடத்தில் நின்றது.

“பழகறவங்களுக்கு இது போதுமுங்க சார். ஸ்பேர் எல்லாம் மலை மேலயே கெடைக்கும். முக்கியமா, எறக்கத்துல கியர் புடிச்சு நிக்குதுங்க” என்றார் மெக்கானிக்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. நான் உதட்டைப் பிதுக்கினேன்.

காரணம், என் வீட்டில் என்னுடைய பைக் சும்மா நின்றுகொண்டிருந்தது. கண் ஆபரேஷனுக்குப் பிறகு மகன் சாவியை வாங்கி வைத்துக்கொண்டான். பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றும் ஒரு நாள் சொன்னான். அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை. தெரிந்தவர் கையில் கொடுத்தால் தினமும் நம் வாசலைத் தாண்டிப் போகும், சத்தமாவது காதில் விழும் என்று ஓர் ஆசை. என் வண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள், விலை எதுவும் வேண்டாம் என்றேன். சும்மா கொடுக்கிறவன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்?

என் வண்டியில் ஒரு கோளாறு இருந்தது. ஏற்றத்திலும் சமதளத்திலும் தெரியாது. செங்குத்தான இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டதும் சில சமயம் இரண்டாவது கியர் நழுவிவிடும். அதன் பிறகு எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்காது. பாரம் முழுவதும் பிரேக் மேல் விழும். பல வருடங்களாக இறக்கத்தில் கியர் லிவரைக் காலால் அழுத்திப் பிடித்தபடியே ஓட்டி வந்தேன். வண்டியின் குறையை என் கால் மறைத்துக்கொண்டிருந்தது.

மெக்கானிக் வந்து, ஒருமுறை இறக்கத்தில் ஓட்டிப் பார்க்கட்டுமா என்று கேட்டார். என் வண்டியையே சோதிக்கிறாயா என்றேன். அவர் என்னிடம் படித்தவர். சரிங்க சார் என்று திரும்பிப் போய்விட்டார். ஏரி ஓரத்துச் சமதளத்தில் அந்த அம்மாவை ஓட்டச் சொன்னேன். வேண்டுமென்றேதான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். அழகாக ஓட்டிவிட்டு வந்து இறங்கியவர் என்னிடம் நேராகவே கேட்டார்.

“ஏனுங்க சார், வண்டில ஏதாச்சும் கோளாறு இருக்குதுங்களா? எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. நீங்க சொன்னாச் சரிதானுங்க.”

“ஒரு குறையும் இல்லம்மா. என் உடம்பை விட நல்லா இருக்கு” என்றேன். அவர் சிரித்தார்.

மூன்று வாரம் நன்றாகத்தான் போனது. காலையில் என் வண்டியின் சத்தம் வாசலைக் கடக்கும்போது, நான் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பேன். சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம், தூறல் விழுந்த ஒரு காலையில், எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள இறக்கத்தில் வண்டி அவர் பிடியை மீறி ஓடிக் காப்பித் தோட்டத்தின் கல் சுவரில் மோதியது. இடது கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். கட்டுப் பிரிப்பதற்குள் விடுதியில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

ஒண்டிக்கடை டீக்கடையில் இதே பேச்சாக இருந்தது. “பொம்பளைக்கு எதுக்குங்க கியர் வண்டி? வாத்தியார் கையில இருவது வருசம் ஒரு கீறல் இல்லாம ஓடுச்சு” என்றார் ஒருவர். நான் டீயைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

பழம் வாங்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட காலை நகர்த்த முடியாமல் எழப் பார்த்தார்.

“உங்க வண்டிய ஒடச்சுப்போட்டனுங்க சார். கியர் நான் சரியாப் போடல போலிருக்குதுங்க. நொம்பத் தப்புங்க.”

பரவாயில்லை அம்மா என்றேன். அதாவது, நான் அவரை மன்னித்தேன். இத்தனை வயதில் நான் செய்தவற்றில், நினைத்தால் இன்றும் உடல் கூசுவது இது ஒன்றுக்குத்தான்.

ஆடி மாதத்தில் அவருடைய தம்பியை வழியில் பார்த்தேன். அக்கா ஹெல்மெட்டை யாருக்கோ கொடுத்துவிட்டதாகவும், எனக்கு வண்டி வராது, எம்மகளும் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் வருத்தப்பட்டார். அன்றே அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். முக்காலியில் காலை நீட்டி அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். கியர் நழுவுவது, என் கால், ஏரிச் சமதளம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய கை மட்டும் நின்றது.

“அப்ப எம்மேல தப்பில்லைங்களா?” என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

“எங்கிட்டச் சொல்லிப்போட்டீங்க. டீக்கடைல யாருங்க சொல்லுவாங்க?”

மறுநாள் காலை கூட்டமாக இருக்கும் நேரம் பார்த்துப் போய்ச் சொன்னேன். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. மெக்கானிக் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டே, “எனக்கு அன்னிக்கே சந்தேகமுங்க சார். நீங்களாச்சேன்னு உட்டுப்போட்டேன்” என்றார்.

அந்தப் பெயிண்ட் உரிந்த வண்டி அதுவரை விற்காமல் இருந்தது. புரட்டாசியில் அந்த அம்மா அதையே எடுத்துக்கொண்டார். பழைய வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வேறொரு விடுதியில் சேர்ந்திருக்கிறார். நடையில் லேசான இழுப்பு நிரந்தரமாகத் தங்கிவிட்டது. எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வார். வண்டியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இப்போதும் காலை ஆறு மணிக்கு ஒரு வண்டி என் வாசலைக் கடக்கிறது. என் வண்டி அல்ல. இறக்கம் ஆரம்பிக்கும் இடத்தில் அவர் கியரைக் குறைப்பதும், எஞ்சின் உறுமி வண்டியைப் பிடித்துக்கொள்வதும் கேட்கும். அவர் வளைவைத் தாண்டும்வரை நான் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். “ஒரு குறையும் இல்லம்மா” என்று என் குரலிலேயே சொன்னது, தினமும் அந்த இறக்கத்தில் எனக்கு ஒருமுறை கேட்கிறது.