லீலாவின் கடவாய்ப் பல்

மடுல்சீமையில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து இன்னும் மூன்று மைல் ஏறினால் வருகிற தேயிலைத் தோட்ட டிவிசனில், பத்தொன்பது வருஷமாகப் பிள்ளைக்காம்பரா பார்த்தவள் லீலா. அம்மாமார் கொழுந்தெடுக்க மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுப்போகிற இடம் அது. காலையில் ஆறரைக்குக் கதவைத் திறப்பாள். ஒன்றைத் தொட்டிலில் போட்டு, ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றுக்குத் திரிபோஷாச் சத்துமா உருண்டை ஊட்டுவாள். அந்த டிவிசனில் இருபது வயசுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேரும் அவள் மடியை நனைத்தவர்கள்தான்.

அவளுக்கென்று ஒன்று பிறக்கவில்லை. புருஷன் கஜேந்திரன் பதினோரு வருஷத்துக்கு முன்னால் நெஞ்சுவலியில் போய்விட்டான். வரிசை வீடுகளான லயத்தில் இடப்பக்கத்து வீட்டுக்காரர்கள் பூட்டிவிட்டுக் கொழும்புக்குப் போனவர்கள், திரும்பவில்லை. வலப்பக்கத்து வீட்டில் ஆள் உண்டு. ஆனால் அவர்களுக்கு விடிந்தால் மலை, பொழுது சாய்ந்தால் அடுப்பு.

கீழ்வரிசையில் இடது கடவாய்ப் பல் ரொம்ப நாளாகவே சொத்தை. கராம்பு வைப்பாள், உப்புத் தண்ணீர் கொப்பளிப்பாள், வெற்றிலையை வலப்பக்கம் ஒதுக்கிக்கொள்வாள். அப்படியே ஓட்டிவிட்டாள். ஒரு வியாழக்கிழமை பகல், ஒரு வாய் ரொட்டியைக் கடித்ததும் காதுக்குள் கம்பியை விட்டுத் திருகினதுபோல் ஒரு வலி எடுத்தது. கையிலிருந்த ரொட்டியை அப்படியே கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

பிள்ளைகளை அனுப்பிவிட்டு டிஸ்பென்சரிக்குப் போனாள். டிஸ்பென்சர் ஐயா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"லீலாக்கா, இது நான் பாக்குற விசயம் இல்ல. பல்லு டாக்டரு எடுக்கணும். நாளைக்குப் போயா லீவு, அப்புறம் சனி, ஞாயிறு. வலிக்குப் பெனடோல் தாரேன், திங்கக்கிழமை காலையிலேயே போயிருங்க."

"அதுவரைக்கும் தாங்குமாங்கய்யா?"

"வேற என்ன செய்ய?" என்றார் அவர். அவர் முகத்திலும் வருத்தம் இருந்தது.

பௌர்ணமி விடுமுறையான போயாவன்று பிள்ளைக்காம்பரா மூடியிருந்தது. வெள்ளி இரவிலிருந்து அடைமழை. சனிக்கிழமை ரோட்டில் மண் சரிந்து விழுந்து பஸ் ஓடவில்லை. மூன்று நாளும் லீலா தாடையில் துணியைக் கட்டிக்கொண்டு, அடுப்படியில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் வலி தலைக்கு ஏறியது. எழுந்து நடந்தால் ஒவ்வொரு அடிக்கும் பல்லுக்குள் இடித்தது. கஞ்சியை ஆறவைத்து வலப்பக்கமாக உறிஞ்சினாள். ஞாயிறு காலையில் மலைத்தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோதுதான் முதல் மனிதக் குரல் கேட்டது.

"என்னக்கா, மொகம் இப்படி வீங்கிக் கெடக்கு?"

"பல்லு."

"கராம்பு வச்சீங்களா?"

லீலா தலையாட்டினாள். கேட்டவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குறைசொல்ல முடியாது, மழை தூறிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை கணக்கப்பிள்ளையிடம் லீவு கேட்டாள். அவர் கையைப் பிசைந்தார். "புள்ளைகள யாருக்கா பாக்குறது? இன்னைக்கு மட்டும் சமாளிங்க. நாளைக்குக் கம்சலாவ அனுப்புறேன்."

அன்றைக்கு அவளால் தாலாட்ட முடியவில்லை. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத்தான் திறந்தது. தினமும் தாயின் கையிலிருந்து அவளிடம் தாவுகிற ஒன்றரை வயசுக் குட்டி அன்று அவள் முகத்தைப் பார்த்து வீறிட்டது. அவள் சேலை முந்தானையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு மறுபடி கை நீட்டினாள். குட்டி வரவில்லை. பல்லைவிட அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

செவ்வாய் விடிகிற நேரத்தில் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு மூன்று மைலும் இறங்கி, மறுபடி ஓடத் தொடங்கியிருந்த பஸ்ஸில் ஏறினாள். வழியில் இருக்கிற ஒரு டவுன் ஆஸ்பத்திரியில் பல் வைத்தியம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள். அங்கே அந்த அறை பூட்டியிருந்தது. கதவில் சிங்களத்தில் ஒரு காகிதம். வாசித்துச் சொல்ல ஆள் தேடி, கடைசியில் மருந்துக்கு வந்த ஒரு பெரியவர் படித்தார். "புதனும் வெள்ளியும்தான் டாக்டர் வருவாராம்மா." அவர் போனபிறகும் அவள் அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இன்னொரு பஸ் பிடித்துப் பதுளைக்குப் போனாள்.

பதுளை ஆஸ்பத்திரியில் பல் பகுதியில் உட்காருகிற வாங்குகள் நிறைந்திருந்தன. ஒவ்வொருவருக்கும் ஒருவர் துணைக்கு இருந்தார்கள். ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை வைத்திருந்தாள், ஒருவர் மனைவியின் கைப்பையைப் பிடித்திருந்தார். லீலா சுவரில் சாய்ந்து நின்றாள். அந்த வழியாகப் போன நர்ஸ் ஒருத்தி நின்று, அவள் துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

டாக்டர் இளவயசுச் சிங்களப் பெண். தமிழைத் தேடித்தேடிப் பேசினாள். "அம்மா, சீழ் நிறைய. கழுத்துப் பக்கம் போகுது. இன்னைக்கே எடுக்கணும். ஆனா பிரஷர் கூடியிருக்கு. கூட யாரு வந்தது?"

லீலா தலையை அசைத்தாள்.

"மகன்? மகள்?"

இல்லை.

"போன் பண்ண யாராவது?"

லீலா போனை எடுத்தாள். அதில் முப்பது நம்பருக்கு மேல் இருந்தது. எல்லாம் பிள்ளைகளின் அம்மாமார். இந்த நேரம் அத்தனை பேரும் மலையில் நிற்பார்கள்; அங்கே சிக்னலும் கிடையாது. யாரை அழைத்து என்னவென்று சொல்வது? போனைத் திரும்ப இடுப்பில் செருகிக்கொண்டாள். அதுவரை வராத அழுகை அப்போது வந்தது.

பக்கத்து நாற்காலியில் மாமிக்குப் பல்செட் அளவெடுக்க வந்திருந்த ஒரு பெண், ஜெமீலா என்று பேர், எழுந்து வந்தாள். சிங்களத்தில் டாக்டரிடம் ஏதோ சொல்லிவிட்டு லீலாவின் பக்கம் திரும்பினாள். "பயப்புட வாணாங்கா. நான் இங்கதான் ஈக்கிறேன். உங்களோட வந்த ஆள்னு என்னை எழுதிக்கச் சொல்லிட்டேன்."

மருந்து கொடுத்துக் காத்திருக்க வைத்து, பிரஷர் இறங்கியபிறகு ஊசி போட்டார்கள். சீழ் பிடித்த இடத்தில் விறைப்பு முழுசாக ஏறவில்லை. "கொஞ்சம் பொறுங்கம்மா," என்றாள் டாக்டர். பல் வருகிறபோது லீலாவின் கால் இரண்டும் நாற்காலியிலிருந்து எழும்பின. ஜெமீலா அவள் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தாள், தொட்டில் பிள்ளையைத் தட்டுகிற மாதிரி.

ஒரு மணி நேரம் படுக்கவைத்துவிட்டு அனுப்பினார்கள். வெளியே வந்து பார்த்தால் வாங்கு காலி. மாமியின் வேலை முடிந்து ஜெமீலா போயிருந்தாள். எந்தத் தெரு, எந்தக் கடைக்காரர் வீடு என்று கேட்டுவைக்கத் தோன்றவில்லையே என்று லீலா அந்த வாங்கைச் சுற்றி ஒருமுறை நடந்தாள்.

வாய் கொப்பளிக்கிற மருந்தை வெளியில் வாங்கச் சொல்லியிருந்தார்கள். பாமசியில் மருந்துச் சீட்டை வாங்கிய பெண்ணைப் பார்த்ததும் லீலா நின்றுபோனாள். வலது புருவத்தை வெட்டிக்கொண்டு போகிற அந்தத் தழும்பு. மேனுஷா! இரண்டு வயசில் பிள்ளைக்காம்பராப் படியில் விழுந்து புருவம் கிழிந்தபோது, சேலையெல்லாம் ரத்தமாக அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியவள் லீலா. அவளுக்கு ஐந்து வயசாகும்போது அந்தக் குடும்பம் தோட்டத்தை விட்டே போனது. போகிற அன்று இவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இறங்கமாட்டேன் என்றது அந்தப் பிள்ளை.

"ஆன்ட்டி, இத நாளைக்கு காலையில இருந்து கொப்பளிங்க. இன்னைக்கு வேணாம்," என்றாள் மேனுஷா.

லீலா பேர் சொல்லிக் கூப்பிட வாயைத் திறந்தாள். வாய் நிறையப் பஞ்சு. ஒரு முனகல்தான் வந்தது.

"பேசாதீங்க ஆன்ட்டி. பஞ்சைக் கடிச்சுக்கிட்டே இருங்க, இல்லாட்டி ரத்தம் நிக்காது."

லீலா முகத்தில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்தாள். முழு முகத்தையும் காட்டினாள். மேனுஷா நன்றாகத்தான் பார்த்தாள்.

"ஐயோ பாவம், நல்லா வீங்கியிருக்கு," என்று சொல்லி, பின்னால் நின்றவரின் சீட்டுக்குக் கை நீட்டினாள்.

பஞ்சை எடுக்க இன்னும் இருபது நிமிஷம் இருந்தது. கடைக்கு வெளியே நிழலில் கொஞ்சம் நின்று பார்த்தாள். ஆனால் மடுல்சீமைக்குப் போகிற பஸ் புறப்பட்டுவிடும். அதை விட்டால் மலையேற இருட்டிவிடும். போய் ஏறினாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, வழியிலுள்ள பசறை வரைக்கும் அவள் மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தாள். நான்தாம்மா, லீலா ஆயா. ஒன்ன நான்தான் தூக்கிக்கிட்டு ஓடினேன். இவ்வளவு வளந்துட்டியே.

வீக்கம் வடிய ஆறு நாள் ஆனது. தாடை லேசானது, ரொட்டியை வலியில்லாமல் மெல்ல முடிந்தது. ஏழாவது நாள் பிள்ளைக்காம்பராவுக்குப் போனபோது, சாவியைக் கொடுக்கக் கம்சலா காத்திருந்தாள். தோட்டத்துக்கு மருமகளாக வந்து ஒரு வருஷமான பெண்.

"பதுளையில மேனுஷாவக் கண்டேன்," என்றாள் லீலா. வாய் நன்றாகத் திறந்தபிறகு அவள் சொன்ன முதல் பேச்சு அதுதான்.

"எந்த மேனுஷாக்கா?"

லீலா சொல்லத் தொடங்கினாள். படி, புருவம், ரத்தம் எல்லாம் தொண்டை வரை வந்தன. கம்சலா ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு நேரமாகிவிட்டதென்று கூடையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியாது," என்றாள் லீலா. "நீ போ, மழை வரப்போவுது."