வால் வெட்டாத மீன்

ஐலாவால் சேர்ந்தாற்போல் ஐந்து நிமிடம் ஒரு நாற்காலியில் இருக்க முடியாது. பள்ளிப் பேருந்து ஓட்டுவதால்தான் அவள் உட்காரவாவது செய்கிறாள் என்று ஊரில் சொல்வார்கள். அப்போதும் இடது முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஹெம்லாக் ஓடையைச் சாலை தாண்டும் இடத்தில் மட்டும் வண்டி நத்தையாக ஊரும். ஐலா கழுத்தை நீட்டிக் கீழே பார்ப்பாள்.

"மீன் வந்துடுச்சா, மிஸ் ஐலா?" என்று பின்னாலிருந்து பிள்ளைகள் கத்துவார்கள்.

"வந்தா உங்களை இறக்கி விட்டுட்டு அதை ஏத்திக்குவேன். சண்டை போடாம உக்காந்து வரும்."

சில வருஷங்களுக்கு முன், அலாஸ்காவுக்கு மீன்பிடிப் படகில் வேலைக்குப் போன ஐலாவின் கணவன் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். அந்தக் குளிர்காலத்தில், ஒரு மழை நாளில், சாலையில் மரம் விழுந்து மறித்தது. காலிப் பேருந்தை நிறுத்திவிட்டு ஐலா இறங்கினாள். அந்த இடத்தில் ஓடை சாலைக்கு அடியில் ஒரு துருப்பிடித்த இரும்புக் குழாய் வழியாகப் போகிறது. குழாயின் வாய், கீழ்ப்பக்கத்து மடுவுக்கு மேலே இடுப்பு உயரத்தில் தொங்குகிறது. மடுவிலிருந்து ஒரு சால்மன் எம்பியது. குழாய் விளிம்பில் மோதி விழுந்தது. மறுபடி எம்பியது. முட்டையிடக் கடலிலிருந்து அத்தனை தூரம் வந்த மீன். மேலே சரளைப் படுகை முழுக்கக் காலியாகக் கிடக்க, அது ஒரு குழாயிடம் தோற்றுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து ஐலா ஊர் மன்றக் கூட்டம் ஒன்றுகூட விடவில்லை. குழாயைத் தோண்டி எடுத்துவிட்டுப் பாலம் போடுங்கள் என்று கேட்டபடியே இருந்தாள். தன்னோடு சேர்ந்த சிலரோடு கரையில் மரம் நட்டாள், வேலி கட்டினாள். டிசம்பர் வந்தால் மீன் பண்ணையிலிருந்து செத்த சால்மன்களை அள்ளி வந்து, குழாய்க்கு மேல்பக்கம் ஓடையில் வீசுவார்கள். மீன் திரும்பும் நாளுக்காக ஓடைக்குப் போடும் உரம் அது. தானாக வந்த மீன் என்று யாரும் தப்பாக எண்ணிவிடக் கூடாதல்லவா? அதனால் வீசுமுன் ஒவ்வொன்றின் வாலையும் வெட்டிவிடுவது வழக்கம். வெட்டுகிறவள் ஐலா. அவள்மேல் அடிக்கும் மீன் நாற்றத்தில், அந்த வாரம் முழுக்கப் பேருந்து ஜன்னல்களைத் திறந்து வைத்தே ஓடும்.

இந்த டிசம்பரில் மன்றம் முடிவெடுத்தாக வேண்டியிருந்தது. ஒன்று, பாலம். இல்லையென்றால், பழைய குழாய்க்குள் புதுக் குழாயைச் செருகிச் சிமெண்ட் பூசுவது. செருகிவிட்டால் ஐலாவின் காலத்தில் யாரும் அதைத் தொடப் போவதில்லை.

தீயணைப்பு நிலையத்து அறையில் கூட்டம். ஐலா காபிப் பாத்திரத்துக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தாள்.

"தரை தேஞ்சிடும், ஐலா. உக்காரும்மா," என்றார் தலைவர் கொரின்.

"தேஞ்சா அதுக்கும் ஒரு குழாய் செருகிடுங்க."

அப்போது ட்வைட் உள்ளே வந்தான். பள்ளியில் அவளோடு படித்தவன், ஓடையோரம் மாடு வளர்ப்பவன். பாலம் கட்டினால் கோடை முழுக்கச் சாலை அடைபடும், வைக்கோல் லாரி மலையைச் சுற்றி வர வேண்டும் என்பது அவன் கோபம். தோளில் கிடந்த கோணியை மேசைமேல் கவிழ்த்தான். கை நீளத்துக்கு ஒரு செத்த சால்மன் கொரினின் காகிதங்கள்மேல் சரிந்தது. நாற்றத்தில் முன்வரிசை எழுந்து பின்வரிசைக்கு ஓடியது.

"பாத்துக்குங்க! இதான் இவங்க ஓடையைக் காப்பாத்துற லட்சணம். என் மாடு குடிக்கிற தண்ணியில பிணத்தை வீசறாங்க. இந்தப் பிணத்துக்கா பாலம்?"

"யோவ், முதல்ல அதை எடுய்யா!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள்.

மூக்கைப் பொத்திய முகங்களை ஐலா பார்த்தாள். இவர்கள் பாலத்துக்குக் கை தூக்கப் போவதில்லை. மீனையாவது அப்புறப்படுத்தலாம் என்று வாலைப் பிடித்தாள். பிடித்த கை அப்படியே நின்றது.

"ட்வைட், இதை எங்கேடா எடுத்தே?"

"குழாய்க்குக் கீழே, மடுவுல. நீங்க மேல வீசினது அடிச்சிட்டு வந்து கிடக்கு."

"நல்லாத் தெரியுமா?"

"என் பூட்ஸ் இன்னும் காயல. வேணும்னா மோந்து பாரு."

ஐலா மீனைத் தூக்கிப் பிடித்தாள். விசிறி மாதிரி முழு வால்.

"நான் வீசின ஒண்ணுக்கும் வால் கிடையாது. நான் வெட்டுறப்போ வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு கசாப்புக்காரின்னு கத்தினவனே நீதானே?"

ட்வைட் குனிந்து வாலைப் பார்த்தான்.

"இது கடல்லேர்ந்து தானா வந்தது. மூக்கைப் பாருங்க. முட்டி முட்டித் தோலே இல்ல."

கொரின் மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுத்துவிட்டுக் குனிந்தார். பின்னாலிருந்து யாரோ, "ட்வைட், எங்க சாட்சியைத் தோள்ல தூக்கிட்டு வந்ததுக்கு நன்றிப்பா!" என்றார்கள். சிரிப்பில் அவன் காது சிவந்தது.

"அப்போ லாரி சுத்தித்தான் வரணுமா?" என்று முனகினான்.

"வாக்கெடுப்புக்குப் போகலாம்," என்றார் கொரின். "ஐலா, கோட்டு எதுக்கு மாட்டுறே? இத்தனை வருஷம் இதுக்குத்தானே அலைஞ்சே?"

"தாடையைப் பாருங்க, வளைஞ்சிருக்கு. இது ஆண். ஒத்தையா வந்திருக்காது. மடுவுல பொட்டை இருந்தா இந்நேரம் முட்டிக்கிட்டிருக்கும். நீங்க பாலம் கட்டுற வரைக்கும் அதுக்குப் பொறுமை இருக்காது."

ட்வைட்டின் ஈரக் கோணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடினாள். மீன் கிடைத்தால் தூக்கிக் குழாய்க்கு மேலே விட அது போதும். பேருந்தைக் கிளப்பும்போது உள்ளே கைதட்டல் கேட்டது. எதற்கென்று கேட்க அவள் இறங்கவில்லை.