கப்பல் சொன்ன பெண் குழந்தை

எண்ணூரில் ரிப்பேருக்கு வந்து நின்ற அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் எனக்குத் தீக்காவல் வேலை. வெல்டிங் நடக்கும் இடத்தில் தீயணைக்கும் சிலிண்டரோடு நிற்க வேண்டும். எங்கள் வீட்டிலேயே நான்தான் முதலில் படித்தவன். அதனால் கப்பல் ஸ்பீக்கரில் வருவதைக் கூட்டாளிகளுக்குச் சொல்வதும் என் வேலை. அந்த ஸ்பீக்கர் சும்மாவே இருக்காது. மதியச் சாப்பாடு, அவர்கள் ஊர் மேட்ச், வந்த தபால், யாருக்கு பிரமோஷன், எல்லாம் சொல்லும்.

அன்று காலை என் மனைவியைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தோம். லீவு கிடைக்கவில்லை. போனையும் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். "சேதி வந்தா ஆபீஸ்லேர்ந்து கப்பலுக்குச் சொல்லிடுவாங்க, போ" என்றார் சூப்பர்வைசர்.

பதினோரு மணிக்கு ஸ்பீக்கர் கரகரத்தது. பெண் குழந்தை, ஏழு பவுண்டு எடை, தாயும் சேயும் நலம், தகப்பனுக்கு வாழ்த்துகள். தகப்பன் பெயர் கிரைண்டர் சத்தத்தில் போய்விட்டது. நான் கேட்டதைச் சொன்னேன்.

எங்கள் தெருக்காரனான வெல்டர் முகமூடியைத் தூக்கினான். "மாமு! உன்க்குத்தான்டா!"

"நம்மளப் பத்தி இவங்க எதுக்குடா சொல்றாங்க?"

"ஆபீஸ்ல சொல்லுவாங்கன்னாரு இல்ல? இன்னாத்த படிச்சியோ!"

எனக்கும் குழம்பிவிட்டது. பவுண்டு எதற்கு? அமெரிக்கக் கப்பல், பவுண்டில்தானே சொல்லும். ஒரு மாலுமி எல்லோருக்கும் கேக் கொடுத்துக்கொண்டு வந்தான். கை குலுக்கினோம். நான் தேங்க்யூ என்றேன். அவனும் தேங்க்யூ என்றான். அவன் எதற்குச் சொல்கிறான் என்று யோசித்தபடியே தின்றேன்.

மாலையில் திருவொற்றியூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். பிரசவ வார்டு வாசலில் மாமியார் நர்சோடு மல்லுக்கு நின்றார். ஷிப்ட் முடிந்து போன வெல்டர் மதியமே அவருக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லியிருக்கிறான்.

"பொண்ணு பொறந்து கப்பலுக்கே சேதி பூட்ச்சி. எங்களாண்ட இன்னாத்த மறைக்கிற?"

"ஏம்மா, இன்னும் பொறக்கவே இல்லன்றேன். எந்தக் கப்பல்மா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "கப்பல்லதான் சொன்னாங்க..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

ஆறரைக்குப் பையன் பிறந்தான். இரண்டு பேரும் நல்லா இருக்காங்க என்றார் நர்ஸ். மாமியார் துணியை விலக்கி இரண்டு தரம் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொண்ணு யாருது?"

"கேக் குடுத்தவனோடதுன்னு நெனைக்கிறேன்."

"இன்னா கேக்கு?"

கேக் தின்ற நேரத்திலிருந்து மனதுக்குள் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரிந்திருந்தேன். பெயர்கூட யோசித்தாகிவிட்டது. அந்தப் பெயரை என்ன செய்வதென்று தெரியாமலே பையனைக் கையில் வாங்கினேன்.