சத்து மாத்திரை டப்பா

தொண்டூரிலிருந்து என்னைச் செஞ்சிக்குக் கட்டிக்கொடுத்தபோது சீர்வரிசையோடு ஒரு பொய்யும் வந்தது. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு வலிப்பு உண்டு. வேளை தவறாமல் மாத்திரை போட்டால் அண்டாது. கல்யாணத்துக்கு முன்பு அம்மா அந்த மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, காலியான சத்து மாத்திரை டப்பாவில் கொட்டினாள். "யாராச்சும் கேட்டா சத்து மாத்திரைன்னு சொல்லு. ஃபிட்ஸுன்னு தெரிஞ்சா வாழவுட மாட்டாங்க." வீட்டுக்காரரிடமும் அதையேதான் சொன்னேன்.

மாமியார் நல்லவள். அதுவே வினையாகிப் போனது. நான் முழுகாமல் இருந்தபோது சுகாதார நிலையத்தில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். "ஒரு சத்து போதாதா? ரெண்டும் சேந்தா சூடு. புள்ளைக்கு ஆவாது" என்று பழைய டப்பாவைப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். கேட்டு வாங்க என்ன காரணம் சொல்வது? சத்து மாத்திரைக்கு யாராவது அழுவார்களா? அம்மாவுக்குப் போன் செய்தேன். "கொஞ்சம் பொறு, வரும்போது எடுத்தாறேன். உளறித் தொலைக்காத" என்றாள். அவள்மீது வந்த கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

அவள் வருவதற்குள் துவைக்கிற கல்லருகே விழுந்துவிட்டேன். கையில் இரும்பைக் கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்று யாரோ கத்த, மாமியார் இடுப்பிலிருந்த பீரோ சாவியை உருவி என் உள்ளங்கையில் திணித்தாளாம்.

கண் விழித்தபோது ஆஸ்பத்திரி. கடிபட்ட நாக்கு வீங்கி, வாயெல்லாம் ரத்த ருசி. வயிற்றில் இருந்தது போய்விட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. "முன்னாடி ஏதாவது மாத்திரை சாப்பிட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார். பஸ் பிடித்து ஓடி வந்திருந்த அம்மா, மாமியாரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"சத்து மாத்திர மட்டுந்தான் சார்."

அந்த நாக்கை வைத்துக்கொண்டு, "இல்ல, வலிப்பு மாத்திர" என்று நானே சொன்னேன். டாக்டருக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன். "அத்தை பூட்டி வெச்ச டப்பால இருக்குது."

மாமியார் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவளோ என் அம்மாவைத்தான் பார்த்தாள். என் கையிலிருந்து எடுத்த சாவி இன்னும் மாமியார் கையில் இருந்தது.

"சொல்லியிருந்தா நானே தண்ணி மொண்டு குடுத்திருப்பனே, சம்பந்தி. மாத்திரைய உள்ள வெச்சிப் பூட்டிட்டு, சாவிய இவ கையில திணிச்சிக்கினு நின்னேனே!"