நான்கு ஸ்க்ரூவும் என் ஆய்வேடும்

பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில் எனக்கு வேலை உறுதியாக இன்னும் ஒரு வாரம்தான் பாக்கி. எங்கள் வீட்டில் பட்டம் படித்த முதல் ஆள் நான். எனக்கு எல்லாம் தெரியும் என்று வீட்டில் நம்பினார்கள். நானும் நம்பினேன், அதுதான் வினை.

நாங்கள் செய்தது மின்சாரப் பெட்டிகள். உள்ளே நடுவில் சூடாகும் ஒரு சிப், அதன்மேல் வெப்பம் கடத்தும் மெல்லிய பட்டை, அதற்கும் மேல் சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடு. தகட்டின் நான்கு மூலையிலும் ஸ்க்ரூ. சோதனையில் ஒன்றிரண்டு பெட்டிகள் அதிகம் சூடாகின. எனக்கு உள்ளுக்குள் குஷி. என் இறுதியாண்டு ஆய்வே அதுதானே: இடுக்கில் அடைபட்ட திடப்பொருளை அமுக்கினால் அணுக்கள் நெருங்கும், வெப்பம் சுலபமாகக் கடக்கும். எண்பது பக்கம் எழுதியிருந்தேன். முழுக்கக் கணினிக் கணக்கு. ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொட்டதில்லை.

பல வருடமாக அந்த வரிசையில் ஸ்க்ரூ முடுக்கும் அக்காவிடம் போய், "இன்னும் இறுக்குங்க" என்றேன்.

"நாங்க குறுக்கு குறுக்கா, முதல்ல லேசா, அப்புறம் இறுக்கமா, ரெண்டு சுத்தா முடுக்குவோம் தம்பி."

"வேணாங்க்கா. ஒரே சுத்து, முழு இறுக்கம்."

"டிகிரி சொன்னா சரிதான் லா."

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் சோதனைக்குப் போன முப்பது பெட்டிகளும் கொதித்தன. ஒன்றின் தகட்டின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வைத்துப் பார்த்தேன். ஸ்கேல் நடுவில் மட்டும் தொட்டது, இரு முனையிலும் வெளிச்சம் தெரிந்தது. மூலைகள் கீழே இழுபட்டு, தகடு நடுவில் மேலே வளைந்திருந்தது. சிப்பின் மேலிருந்த பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் இப்போது காற்றுதான். தகடு வளையவே வளையாது என்று ஆய்வேட்டில் ஒரே வரியில் அனுமானித்து முடித்திருந்தேன்.

யார் முடுக்கியது என்று மேனேஜர் மலாயில் கேட்டார். வேலைத் தாளில் இருந்தது அக்காவின் கையெழுத்து. முடுக்கச் சொன்னது நான்தான் என்றேன். ரிப்போர்ட் எழுதித் தரச் சொன்னார். என் வேலை உறுதியாவது மூன்று மாதம் தள்ளிப்போனது. வீட்டில் அதை "மேல்பயிற்சி" என்று சொன்னேன். அம்மா அக்கம்பக்கம் எல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டார்.

முப்பது பெட்டிகளையும் பிரித்துத் திரும்ப முடுக்கும் வேலையை நானே கேட்டு வாங்கி, அக்காவின் மேசையில் உட்கார்ந்தேன். மூன்றாவது பெட்டியிலேயே ஒரு ஸ்க்ரூவின் தலை தேய்ந்து வழுக்கிவிட்டது.

அக்கா எட்டிப் பார்த்தார்.

"அதையும் ரிப்போர்ட்ல எழுதிடுங்க தம்பி."